இணையவழியில் எழுத்துப் பாடம்: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கல்லூரியில் பல ஆண்டுகள் நேரில் நடத்திய எழுத்துப் பாடத்தை இணையவழிக்கு மாற்றுகிறேன். விரிவுரைகளைக் காணொளியாக்கி ஏற்றினால் போதுமா ஐயா?

பதில்: போதாது. எழுத்துப் பாடத்தில் விரிவுரைக்கு எப்போதுமே சிறிய இடம்தான்; மாணவர் எழுதுவதும், அதைப் பிறர் படித்துச் சொல்வதும், கேட்டவர் திருத்தி எழுதுவதுமே பாடம். ஆகவே இறுதிக் கட்டுரையிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். அதற்குமுன் எத்தனை வரைவுகள், எதை யார் படிப்பார், திருத்த எத்தனை நாள் என்பவை முடிவான பிறகு காணொளியைப் பற்றி யோசிக்கலாம். வகுப்பறையில் வாயால் சொல்லும் விளக்கமெல்லாம் இங்கே எழுத்தாகிவிடுவதால் மாணவரின் வாசிப்புச் சுமை ஏறுகிறது என்பதையும் மறக்கவேண்டாம். நேரில் புன்னகையோடு சொல்லும் "இது புரியவில்லை" என்ற குறிப்பு, திரையில் கண்டனமாகவே படும். எந்த இடம், ஏன் புரியவில்லை, என்ன செய்யலாம் என்று முழு வாக்கியமாக எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு ஒரே பிரிவில் 40 மாணவர்கள். சமாளிப்பது எப்படி?

பதில்: அமெரிக்கக் கல்லூரி எழுத்தாசிரியர்களின் அமைப்பு 2013இல் வெளியிட்ட நெறிகள், இணையவழி எழுத்து வகுப்புக்கு 20 பேரை உச்சவரம்பாக வைத்து, 15 பேரே விரும்பத்தக்கது என்கின்றன. நிர்வாகத்திடம் கணக்கைக் காட்டுங்கள்: ஒரு வரைவுக்கு 15 நிமிடம் என்றாலும் 40 வரைவுகளுக்கு 10 மணி நேரம். எண்ணிக்கை குறையாவிட்டால், விரிவான பின்னூட்டத்தை இடைவரைவுக்கு மட்டும் தாருங்கள். மதிப்பெண் விழுந்த கட்டுரையின் ஓரத்தில் எழுதும் குறிப்புகளைத் திருத்தத்துக்குப் பயன்படுத்துபவர் அரிது.

கேள்வி: சக மாணவர்கள் "அருமை" என்பதற்குமேல் எதுவும் எழுதுவதில்லை.

பதில்: "கருத்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால் அதுதான் வரும். கட்டுரையின் வாதத்தை உங்கள் சொற்களில் இரண்டு வரியில் எழுதுங்கள், படிக்கும்போது தடுமாறிய இடத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். பிழைதிருத்தத்தைத் தடைசெய்துவிடுங்கள், அனுமதித்தால் எல்லோரும் காற்புள்ளிக்குள் ஒளிந்துகொள்வார்கள்.

கேள்வி: நேரலை வகுப்பு கட்டாயமா?

பதில்: இல்லை. ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் தனியே பேசுவது அதைவிடப் பயன்தரும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டறியும் கருவியை நம்பலாமா?

பதில்: அதை மட்டும் வைத்து யார்மீதும் குற்றம் சுமத்தாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியை, துல்லியம் குறைவென்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. வரைவுகளை வரிசையாகக் கேளுங்கள். முந்தைய வரைவிலிருந்து எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று ஒவ்வொன்றோடும் ஒரு பத்தி எழுதச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் ஒதுக்குங்கள்.