வாசகர் கேள்வி – பதில்: ஜப்பானிய மொழியின் ‘ரரெரு’

கேள்வி: ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் என்4 நிலைக்குப் படித்துவருகிறேன். ‘தபெரரெரு’ என்ற சொல்லுக்கு ‘உண்ணப்படும்’, ‘உண்ண முடியும்’, ‘(பெரியவர்) உண்பார்’ என்று மூன்று பொருள் தருகிறார்கள். தொடர்பில்லாத இத்தனை பொருள்கள் ‘ரரெரு’ என்ற ஒரே துணைவினைக்கு எப்படி வந்தன? எதை வைத்துப் பிரித்தறிவது? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பொருள்கள் மூன்றல்ல, நான்கு. நீங்கள் குறிப்பிடாத நான்காவதே மற்றவற்றுக்குத் திறவுகோல். ‘முகஷி கா ஒமொய்தசரெரு’ என்றால், நாம் முயலாமலே பழைய நாட்கள் நினைவுக்கு வருகின்றன என்று பொருள். இப்படித் தானாக நிகழ்வதைச் சொல்வதே இத்துணைவினையின் மூலப்பொருள் என்பது இலக்கண அறிஞர் பலரின் கருத்து.

நமக்கு இது அந்நியமானதன்று. ‘எனக்கு நீச்சல் வரும்’ என்று சொல்லும்போது, தானாக வருவதையே நாம் திறமையாகக் கொள்கிறோம். பழைய ஜப்பானிய இலக்கியத்தில் இத்துணைவினை ‘ரு’, ‘ரரு’ என்ற வடிவங்களில் வழங்கியது. ஹெய்யான் காலத்தில் (794–1185) இயலும் என்ற பொருளில் அது பெரும்பாலும் எதிர்மறையோடுதான் வந்தது. உறக்கம் வரவில்லை என்பதும் உறங்க முடியவில்லை என்பதும் ஒன்றுதானே! பிறர் செயலால் நமக்கு ஒன்று நேர்வது செயப்பாட்டுவினை ஆயிற்று. பெரியவர் ஒன்றைச் செய்தார் என்று நேராகச் சொல்லாமல், அது நிகழ்ந்தது என்று விலகி நின்று சொல்வது மரியாதை ஆயிற்று.

செயப்பாட்டுவினையில் தமிழுக்கு இல்லாத ஒரு வழக்கும் உண்டு. ‘அமெ நி ஃபுரரெதா’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘மழையால் பெய்யப்பட்டேன்’ என்றாகும். செயப்படுபொருள் குன்றிய வினையிலிருந்தும் செயப்பாட்டுவினை பிறந்து, அதனால் தமக்கு நேர்ந்த இடரையும் சேர்த்துச் சொல்கிறது. நாம் ‘மழையில் மாட்டிக்கொண்டேன்’ என்போம்.

பிரித்தறிய முதலில் வினையின் வகையைப் பாருங்கள். ‘யொமு’ (படி) போன்ற முதல் வகை வினைகளில் ‘யொமரெரு’ என்பது படிக்கப்படும் என்றும், ‘யொமெரு’ என்பது படிக்க முடியும் என்றும் தனித்தனியே நிற்பதால் குழப்பம் குறைவு. ‘தபெரு’ (உண்) போன்ற இரண்டாம் வகையில்தான் எல்லாம் ஒரே வடிவில் வரும். அங்கே செய்தவரைக் குறிக்கும் ‘நி’ உருபு இருந்தால் பெரும்பாலும் செயப்பாட்டுவினை. எழுவாய் ஆசிரியரைப் போன்ற மதிப்புக்குரியவராக இருந்தால் மரியாதைப் பொருளையும் எண்ணிப் பாருங்கள். ஆசிரியரிடம் ‘சஷிமி ஓ தபெரரெமசு கா’ என்று கேட்டால், உண்கிறீர்களா என்பதா, உங்களால் உண்ண முடியுமா என்பதா என்ற ஐயம் எழும். பெரியவர்களின் இயலுமையை வினவுவது பண்பாகக் கருதப்படாததால், உண்பதற்கென்றே உள்ள மரியாதைச் சொல்லால் ‘மெஷிஅகரிமசு கா’ என்று கேட்பதே நல்லது.

கேள்வி: ஜப்பானியத் தோழி ‘மிரரெரு’ என்னாமல் ‘மிரெரு’ என்கிறாள். அது பிழையா? – அதே வாசகி

பதில்: பள்ளி இலக்கணப்படி பிழை, ஆனால் ‘ர’வை விட்டுச் சொன்னால் அது ‘காண முடியும்’ என்ற பொருளை மட்டுமே தரும் என்பதால், மொழி தானே தேடிக்கொண்ட தெளிவாகவே இதை நான் பார்க்கிறேன். ஜப்பானியக் கலாசார விவகார முகமையின் 2015ஆம் நிதியாண்டுக் கருத்தாய்வில், ‘காண முடிந்தது’ என்பதற்கு ‘மிரெதா’ என்று சொல்வோர் 48.4 சதவீதம், ‘மிரரெதா’ என்று சொல்வோர் 44.6 சதவீதம், புதிய வடிவம் முந்தியது அப்போதுதான். தோழியிடம் ‘மிரெரு’ என்றே பேசுங்கள்; தேர்விலும் அலுவலகக் கடிதங்களிலும் ‘மிரரெரு’ என்று எழுதுங்கள்.