காய்ச்சல் இல்லாதவரும் ஏன் மலேரியாக் குளிசை குடிக்க வேண்டும்?

ஓர் ஊரில் உள்ள எல்லோருக்கும், இரத்தம் சோதிக்காமலே, ஒரே காலத்தில் மலேரியாக் குளிசை கொடுக்கும் முறை ஒன்று உண்டு. கைக்குழந்தைகள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு.

சுகமாக நடமாடுபவரின் இரத்தத்திலும் மலேரியாக் கிருமி இருக்கலாம். சோதனையில் அகப்படாத அளவுக்குக் குறைவாகக்கூட இருக்கும். ஆனாலும் அவரைக் கடித்த நுளம்பு சில நாள் கழித்து அடுத்தவருக்குத் தொற்ற வைத்துவிடும். வெங்காயத் தோட்டத்தில் கோரையை மேலாகப் பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் கிடந்து திரும்ப முளைக்குமே, அந்தக் கதைதான். காய்ச்சல்காரருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் கிழங்கு மிஞ்சும். பாதி ஊர் குளிசையை வாங்கி அலுமாரியில் வைத்தாலும் அதே கதி.

இலங்கையில் மலேரியா உள்ளூரில் தொடர்ந்து பரவுவது 2012 ஒக்டோபருடன் நின்றது; மலேரியா ஒழிந்த நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழும் கிடைத்தது. அது பெரும்பாலும் நோயாளரைத் தேடிக் கண்டுபிடித்ததாலும் மருந்து தெளித்ததாலும் வந்த வெற்றி. ஆகவே இன்று யாழ்ப்பாணத்தில் ஊருக்கே குளிசை தேவையில்லை. ஆனால் மன்னாரில் 2016இல் கண்டுபிடிக்கப்பட்ட, மலேரியாவைப் பரப்பும் ஸ்டெபன்சி நுளம்பு எங்கள் கிணறுகளிலும் முட்டையிடுகிறது. ஆபிரிக்கா, இந்தியா போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் உடனே இரத்தம் சோதிக்க வேண்டும்.

பலர் இந்தக் குளிசையைத் தடுப்பூசி மாதிரி நினைக்கிறார்கள். குளிசையின் காவல் சில வாரங்களுக்குத்தான்.