கல்லில் 1927, இணையத்தில் 1947

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் பள்ளி 1927இல் தொடங்கியது. வாசலில் பதித்த கல்லிலேயே ஆண்டு இருக்கிறது. யாரும் திருத்தலாம் என்கிற ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் 1947 என்று போட்டிருக்கிறார்கள். நான் திருத்தினால் சற்று நேரத்தில் பழையபடி ஆகிவிடுகிறது. ஆதாரமாக ஒரு நாளிதழ்ச் செய்தியைக் காட்டுகிறார்கள். அந்தச் செய்தியே இணையத்தைப் பார்த்து எழுதியது என்பது என் சந்தேகம். நூற்றாண்டு விழாவுக்கு நன்கொடை கேட்டுப் போனால், "இன்னும் இருபது வருஷம் இருக்கே டீச்சர்" என்கிறார்கள். விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள் அம்மா. ஆனால், அந்த எண்ணை நீங்களே போய் மாற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒருவர் திருத்த, மற்றவர் பழையபடி ஆக்க, இப்படியே நீள்வதைத் தொகுப்புப் போர் என்பார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் பிறர் செய்த திருத்தத்தை மீளமைத்தாலே, அதாவது நீக்கிப் பழையபடி ஆக்கினாலே, தடை வரும். உண்மை யார் பக்கம் என்று அப்போது யாரும் பார்ப்பதில்லை.

உங்கள் சந்தேகம் நியாயமானது. 2009 பிப்ரவரியில் ஜெர்மனியில் கார்ல்-தியோடோர் ட்சு குட்டன்பெர்க் பொருளாதார அமைச்சராகப் போகிறார் என்ற செய்தி வந்தது. பிரபுக் குடும்பத்தவர், பெயர்களே நீண்ட வரிசை. ஜெர்மன் விக்கிப்பீடியாவில் யாரோ அந்த வரிசைக்குள் 'வில்ஹெல்ம்' என்று ஒன்றைச் செருகிவிட்டார். பெரிய பத்திரிகைகள் அப்படியே எடுத்துப் போட்டன. இந்தப் பெயருக்கு என்ன ஆதாரம் என்று விக்கிப்பீடியாவில் கேள்வி எழுந்தபோது, அதே பத்திரிகைச் செய்தி ஆதாரமாகக் காட்டப்பட்டது! அமைச்சர் பெயருக்கே இந்தக் கதி என்றால், ஓர் ஊர்ப் பள்ளியின் ஆண்டு எத்தனை காலம் தவறாகவே நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தச் சுழலை உடைக்கும் கருவி உங்கள் பள்ளியைப் பற்றிய பக்கத்திலேயே இருக்கிறது. 'வரலாறு' என்பதைச் சொடுக்குங்கள். 1947 என்ற எண் எந்தத் தேதியில் நுழைந்தது என்று தேடுங்கள். நாளிதழ்ச் செய்தி அதற்குப் பிறகு வந்திருந்தால், இரண்டு தேதிகளையும் உரையாடல் பக்கத்தில், அதாவது கட்டுரையைப் பற்றித் திருத்துகிறவர்கள் பேசிக்கொள்ளும் பக்கத்தில், அருகருகே வையுங்கள். அந்தச் செய்தி தனி ஆதாரமா என்ற கேள்வி தானாக எழும். கல்லைப் படம் எடுத்து அங்கேயே இணையுங்கள். அந்தப் பள்ளியில் வேலை பார்த்தவர் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். பின்னால் வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் சந்தேகம்தான் வளரும்.

மீளமைப்பவர் உங்கள் எதிரியாக இருக்க வேண்டியதில்லை. எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போகும் விஷமம் அங்கே அன்றாடம் நடப்பது. காரணம் எழுதாமல் நீங்கள் மாற்றியிருந்தால் இரண்டும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். ஆனாலும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். திரும்பத் திரும்ப ஒரே இடத்தைத் திருத்துகிறவரிடம் ஏன் என்று இரண்டு வரி கேட்காமல் அழித்துக்கொண்டே இருப்பது தவறு. விவரம் தெரிந்த பெரியவர்கள் பலரை இந்த மௌனம்தான் விரட்டுகிறது. அந்த இழப்பு கலைக்களஞ்சியத்துக்கு.

கல் போதாது என்று சொல்லக்கூடும். அச்சில் வந்த, பிறர் சரிபார்க்கக்கூடிய ஆதாரத்துக்குத்தான் அங்கே மதிப்பு. பள்ளியின் பழைய ஆண்டுமலர்கள், பொன்விழா மலர், மாவட்ட விவரச் சுவடி (கெசட்டியர்), அந்தக் கால நாளிதழ்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். சென்னை வரும்போது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். எதுவுமே கிடைக்காவிட்டால் நீங்களே அச்சேற்றுங்கள். நூற்றாண்டு மலர் போடுவீர்கள் அல்லவா? அதில் கல்லின் படத்தோடும் பழைய பதிவேட்டின் நகலோடும் பள்ளி வரலாற்றை ஒருவர் பொறுப்பாக எழுதட்டும். ஒரு பிரதியைக் கன்னிமாரா பொது நூலகத்துக்கு அனுப்புங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதியைப் பெறும் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. பிறகு பக்க எண்ணோடு உரையாடல் பக்கத்தில் குறிப்பிட்டு, மாற்றும்படி அவர்களையே கேளுங்கள்.

இதற்கிடையில் அந்த நாளிதழின் ஆசிரியருக்கும் ஒரு கடிதம் போடுங்கள். கல்லின் படத்தை இணைத்து, 1947 என்பதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் ஒரு திருத்தம் வெளியிட்டுவிட்டால், கலைக்களஞ்சியத்தில் அந்தப் பிழைக்கு இருக்கும் ஒரே மேற்கோளும் போய்விடும்.