பிள்ளைகளுக்கு லைன் டான்ஸ்: திரும்பும் இடத்தில் கவனம்

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் தாமான் (குடியிருப்பு) சமூக மண்டபத்தில், வரிசையாக நின்று எல்லாரும் ஒரே ஸ்டெப்பை ஆடும் லைன் டான்ஸ் ஆடுகிறேன். 8 வயது மகளையும் 14 வயது மகனையும் சேர்க்க ஆசை. மகள் ஒருமுறை வந்து, பாதியில் அழுதுவிட்டாள். மகன், "அது ஆன்ட்டிங்க டான்ஸ்மா" என்கிறான். எப்படித் தொடங்குவது?

பதில்: மகள் எந்த இடத்தில் அழுதாள் என்று யோசித்துப் பாருங்கள். அநேகமாகத் திரும்பும் இடமாக இருக்கும். நாலு சுவர் டான்ஸில், ஸ்டெப் வரிசை ஒருமுறை முடிவதற்குள் எல்லாரும் கால் வட்டம் (90 டிகிரி) திரும்பி, அடுத்த சுவரைப் பார்த்து அதையே மறுபடி ஆடுகிறோம். முன்னால் நின்ற அம்மா முதல் திருப்பத்தில் பக்கத்துக்குப் போய்விடுகிறார், இரண்டாவதில் முதுகுக்குப் பின்னால். பார்த்து ஆட ஆள் இல்லாமல் குழந்தை திகைத்துப் போகிறது. அதனால் அவளை முதல் வரிசையிலோ கடைசி வரிசையிலோ நிறுத்த வேண்டாம். நட்டநடுவில் நிறுத்துங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணெதிரே ஸ்டெப் தெரிந்த ஒருவர் இருப்பார்.

மண்டபத்துக்கு முன் வீட்டில் தொடங்குங்கள். 16 எண்ணிக்கை போதும். வலது காலில் தொடங்கி முன்னால் மூன்று அடி, நான்கில் இடது கால் தொடல், அதாவது எடையை வைக்காமல் பாத நுனியால் தரையைத் தொடுவது. பின்னால் மூன்று அடி, நான்கில் வலது கால் தொடல். வலப்பக்கம் ஒரு கிரேப்வைன் (பக்கவாட்டில் ஓர் அடி, மற்ற கால் அதன் பின்னால், மறுபடி பக்கவாட்டில் ஓர் அடி, நான்கில் தொடல்), இடப்பக்கம் ஒரு கிரேப்வைன். அவளைப் பார்த்து நின்று சொல்லித்தந்தால் இடம் வலம் குழம்பும். முதுகைக் காட்டி நின்று ஆடுங்கள். பரதம் கற்கிறாளா? அப்படியானால் பாதி வேலை முடிந்தது. ஆதி தாளத்தின் எட்டைப் போல இங்கேயும் எட்டெட்டாகத்தான் எண்ணுகிறோம்.

கால் தடுமாறாமல் வந்த பிறகுதான் திருப்பம். இடப்பக்கக் கிரேப்வைனின் மூன்றாவது அடியில் இடப்பக்கமாகக் கால் வட்டம் திரும்ப வேண்டும். ஹாலின் நாலு பக்கத்துக்கும் பெயர் வையுங்கள்: டிவி, வாசல், ஜன்னல், சாமி படம். திரும்பும் முன் அடுத்த பக்கத்தின் பெயரை அவளே உரக்கச் சொல்லட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மகனுடன் வாதாட வேண்டாம். தித்திவங்சா பூங்காவில் காலையில் ஆடுபவர்களைப் பார்த்துவிட்டு அவன் அப்படிச் சொன்னால் தப்பில்லை. 1992இல் அமெரிக்கப் பாடகர் பில்லி ரே சைரஸின் 'ஏக்கி பிரேக்கி ஹார்ட்' என்ற கன்ட்ரி பாட்டு ஹிட்டாகி லைன் டான்ஸைப் பரப்பியது என்ற கதையும் அவனை அசைக்காது. பாட்டை அவன் கையில் கொடுங்கள். பிடித்த பாட்டுக்கு அவனே 32 எண்ணிக்கை அமைக்கட்டும். தமிழ்ப் பாட்டு என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: பல குத்துப் பாட்டுகள் மூன்று நடையில் (ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரியும்) போகும், புதிதாக ஆடுபவரை அது குழப்பும். தட்டு நாலாகப் பிரியும் நாலு நடைப் பாட்டாக எடுக்கச் சொல்லுங்கள். அவன் அமைத்ததை நீங்கள் மாணவியாக நின்று கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம், வகுப்புக்குத் தனியாகக் கூப்பிடாதீர்கள். அந்த வயதில் பக்கத்தில் ஒரு கூட்டாளி இருந்தால்தான் கால் எழும்பும்.

காலணி முக்கியம். பிடிப்பு அதிகமான ரப்பர் அடி தரையில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு திரும்பும்போது பாதம் திரும்பாமல் முட்டி முறுக்கிக்கொள்ளும். வழவழப்பான டைல்ஸில் காலுறையோடு ஆடுவதும் ஆபத்துதான். அடி லேசாக வழுக்கும் காலணி வாங்குங்கள். மகளுக்கு ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும், இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள்.