ஃபால்கன் சிக்ஸ்: கேளுங்கள், சொல்கிறேன்

ஃபோர்ட் ஃபால்கன் ஆஸ்திரேலியாவில் 1960இலிருந்து 2016 வரை தயாரான குடும்பக் கார். கேள்விகள் பெரும்பாலும் 2002இல் வந்த பிஏ, 2005இல் வந்த பிஎஃப், 2008இல் வந்த எஃப்ஜி, கடைசியாக வந்த எஃப்ஜி எக்ஸ் ஆகிய நான்கு மாடல்களைப் பற்றித்தான் வந்திருக்கின்றன. நான்கிலும் 'பாரா' என்று எல்லோரும் சொல்லும் அதே 4 லிட்டர், ஆறு சிலிண்டரும் ஒரே நேர்வரிசையில் நிற்கும் எஞ்சின். மெல்பர்னில் இந்த மாதிரிக் கார்களைப் பிரித்து மாட்டுவதுதான் என் பிழைப்பு, அதனால் பதிலில் கொஞ்சம் பாசம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (முதல் கார் தேடும் மாணவர், மெல்பர்ன்): அண்ணா, பிஏ ஃபால்கனில் 4 லிட்டர் வைத்து 182 கிலோவாட்தான் எடுத்திருக்கிறார்கள். இப்போது 2 லிட்டர் டர்போவே அதைத் தருகிறதே. இவ்வளவு இரும்பைச் சுமந்துகொண்டு திரிவது வீண் இல்லையா?

பேப்பரில் பார்த்தால் வீண்தான். ஆனால் 182ஐ விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்: 380 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), அதுவும் 3250 ஆர்பிஎம்மிலேயே. சிலிண்டரின் விட்டம் 92 மில்லிமீட்டர் சொச்சம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 99க்கு மேல். இப்படி ஸ்ட்ரோக் நீளமான எஞ்சினை விரட்டி ஓட்டிப் பிரயோஜனம் இல்லை, 5000 ஆர்பிஎம்மைத் தாண்டினால் சத்தம் கூடுகிற அளவுக்கு வேகம் கூடாது. அதன் வேலை எல்லாம் கீழேதான். ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், ஹியூம் ஹைவேயில் ஓர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆக்சிலரேட்டரில் காலை லேசாக வைத்தாலே கியர் இறங்காமல் ஏறிவிடும், பின் சீட்டில் தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். குடும்பக் காருக்கு வேண்டியது அதுதானே.

2012இல் ஃபோர்டே இதே காரில் 2 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போவை வைத்துப் பார்த்தது, 179 கிலோவாட், 353 நியூட்டன் மீட்டர். முன்பக்க எடை குறைந்ததால் வளைவில் திரும்புவதில் அதுதான் நல்ல கார் என்பேன், பெட்ரோலும் கம்மி. ஆனால் விற்பனை படுமோசம். ஃபால்கன் வாங்க வருகிறவருக்கு ஆறு சிலிண்டர்தான் வேண்டியிருந்தது.

கேள்வி (எஞ்சினியரிங் படிப்பவர், சிட்னி): நேர்வரிசை ஆறு ஏன் வி6ஐ விட மென்மையாக ஓடுகிறது? ஆறு ஆறுதானே?

எண்ணிக்கை ஒன்றுதான், நிற்கும் விதம் வேறு: நேர்வரிசையில் ஆறும் ஒரே வரிசை, வி6இல் மூன்று மூன்றாக ஆங்கில V வடிவில். நேர்வரிசையில் 1ஆம் பிஸ்டனும் 6ஆம் பிஸ்டனும் சேர்ந்து ஏறி இறங்கும், 2உம் 5உம் சேர்ந்து, 3உம் 4உம் சேர்ந்து. அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் முன்பாதி பின்பாதிக்குக் கண்ணாடிப் பிம்பம். மூன்று ஜோடிகளும் 120 பாகை இடைவெளியில் நிற்பதால் மேலே இழுக்கும் விசையும் கீழே இழுக்கும் விசையும் கூட்டினால் பூஜ்யம். முன்முனை மேலே போனால் பின்முனையும் கூடவே போவதால் எஞ்சின் முன்னும் பின்னுமாக ஊஞ்சலாடுவதும் இல்லை.

இதில் நுணுக்கமான இடம் ஒன்று உண்டு. கனெக்டிங் ராட் சாய்ந்து சாய்ந்து போவதால் பிஸ்டன் மேல்பாதியில் வேகமாகவும் கீழ்பாதியில் மெதுவாகவும் நகர்கிறது. இதனால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை ஒரு குலுக்கல் கிளம்பும். பெரிய நாலு சிலிண்டர் எஞ்சினில் கைக்கும் காலுக்கும் தெரியும் அதிர்வு இதுதான், அதை அடக்கத்தான் பேலன்ஸ் ஷாஃப்ட் போடுகிறார்கள். நேர்வரிசை ஆறில் அதுவும் தானாகவே கழிந்துவிடும், தனியாக எதுவும் போட வேண்டியதில்லை. வி6 என்பது உண்மையில் மூன்று சிலிண்டர் எஞ்சின் இரண்டை ஒரே கிராங்கில் கட்டியது மாதிரி, ஒவ்வொரு பக்கமும் முனைக்கு முனை ஆடப் பார்க்கும், அதை எடை போட்டும் ஷாஃப்ட் போட்டும்தான் சமாளிக்கிறார்கள்.

அப்புறம் ஏன் உலகமே வி6க்குப் போனது? நீளம்தான் காரணம். நேர்வரிசை ஆறை முன்சக்கரம் இழுக்கும் காரில் குறுக்கே படுக்கவைக்க இடம் பத்தாது. நீளமான கிராங்க் முறுக்கிக்கொள்ளவும் செய்யும், அதனால்தான் முன்முனைப் புல்லியில் அந்த அதிர்வை அடக்க ரப்பர் வைத்த டேம்பர் இருக்கிறது. ஆனால் ஒன்று பாருங்கள், 2017இல் மெர்சிடிஸ் திரும்ப நேர்வரிசைக்கு வந்தது, 2022இல் மாஸ்டா பெரிய எஸ்யூவிகளுக்குப் புதிதாக ஒன்று செய்தது, பிஎம்டபிள்யூ அதை விடவே இல்லை. டர்போவைச் சுழற்றுவது எஞ்சின் புகைதான், அதனால் டர்போ காலத்தில் புகை எல்லாம் ஒரே பக்கம் வருவது பெரிய வசதி. ஃபோர்ட் ஆஸ்திரேலியா இந்த எஞ்சினை நிறுத்திவிட்டு இறக்குமதி வி6 போடுவதாக 2007இல் அறிவித்து, அடுத்த வருடமே மனம் மாறியது. நல்லதாய்ப் போயிற்று.

கேள்வி (இரண்டு பிள்ளைகளின் தாய், பிரிஸ்பேன்): ஃபால்கனா, ஹோல்டன் கொமடோரா, டொயோட்டா ஆரியனா? மூன்றுமே ஆறு சிலிண்டர் என்கிறார் கணவர்.

கவலை இல்லாத கார்தான் வேண்டும் என்றால் ஆரியன், யோசிக்கவே வேண்டாம். 3.5 லிட்டர் வி6, 200 கிலோவாட், எண்ணில் சாதாரண ஃபால்கனை மிஞ்சும். அத்தனை சக்தியும் முன்சக்கரத்துக்கே போவதால் ஈரத்தில் அவசரமாக மிதித்தால் ஸ்டீயரிங் கையை இழுக்கும், நிதானமாக ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. கொமடோரின் 3.6 வி6இல் டைமிங் செயின் நீளும் குறை பிரசித்தம், சர்வீஸ் புத்தகம் முழுதாக இருந்தால் மட்டும் பாருங்கள். ஃபால்கன் எடுப்பதானால் எஃப்ஜியாக எடுங்கள், ஆஸ்திரேலியாவில் செய்த கார்களில் ஏஎன்கேப் என்ற விபத்துப் பாதுகாப்புச் சோதனையில் முதலில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது அதுதான். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு எனக்கு அது முக்கியம்.

கேள்வி (டாண்டினாங்): அண்ணை, டாக்ஸியா ஓடின பிஎஃப் ஒண்டு மலிவா வருது. எல்பிஜி. நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிட்டுது. எடுக்கலாமோ?

தம்பி, எஞ்சினைப் பற்றிப் பயப்படாதே. டாக்ஸி எஞ்சின் நாள் முழுக்கச் சூடாகவே ஓடும், தேய்மானம் அதிகம் நடப்பது குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான், அது டாக்ஸிக்குக் குறைவு. ஆயில் ஒழுங்காக மாற்றியிருந்தால் இன்னும் ஓடும். ஆனால் எஞ்சினைத் தவிர மற்ற எல்லாமே நாலு லட்சம் ஓடியிருக்கிறது, அதுதான் விஷயம். கதவுக் கீல், சீட், ஸ்டீயரிங் மூட்டு, பின்பக்க டிஃப் புஷ் (பின் அச்சின் டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பர்), ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்தால் மலிவாக வாங்கியது மலிவாக இருக்காது.

எல்பிஜி டாங்க்கைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், தேதி டாங்க்கிலேயே அடித்திருக்கும், பார். பிஎஃப்பில் உள்ளது எரிவாயுவைக் காற்றோடு கலந்து அனுப்பும் பழைய மிக்ஸர் முறை, பற்றவைப்பு சரியில்லாவிட்டால் உள்ளிழுக்கும் குழாயிலேயே 'டப்' என்று வெடிக்கும். 2011இல் வந்த ஈகோ எல்பிஐயில் எரிவாயுவைத் திரவமாகவே பீய்ச்சுகிறார்கள், அதில் 198 கிலோவாட், 409 நியூட்டன் மீட்டர், சாதாரண பெட்ரோல் மாடலை விடக் கூடுதல். எல்பிஜிதான் வேண்டும் என்றால் அதைத் தேடு. வீட்டுக்குப் பக்கத்தில் எல்பிஜி அடிக்கிற ஸ்டேஷன் இன்னும் இருக்கிறதா என்பதையும் முதலில் பார்த்துவிடு, வருடா வருடம் குறைந்துகொண்டு வருகிறது.

கேள்வி (அடிலெய்ட்): ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கில் தண்ணீர் கலந்து கியர்பாக்ஸ் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இதை மட்டும் எல்லோரும் கவனமாகப் படியுங்கள். பிஎஃப்பின் உயர்ரக மாடல்களிலும் எஃப்ஜியில் பலவற்றிலும் வரும், இசட்எஃப் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஆறு கியர் கியர்பாக்ஸ் அருமையானது, பழைய நாலு கியரோடு ஓட்டியவர் இதில் ஏறினால் வேறு கார் என்றே நினைப்பார். ஆனால் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்கு உள்ளே இருக்கிறது. பழசாகி அதில் ஒரு கீறல் விழுந்தால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போய், ஆயில் மில்க்ஷேக் நிறத்துக்கு மாறி, உள்ளே கிளட்ச் தகடுகளின் பசை விட்டுவிடும். அப்புறம் செலவு காரின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வைத்தியம் சுலபம்: ரேடியேட்டரை முன்கூட்டியே மாற்றுங்கள், முடிந்தால் கியர் ஆயிலுக்கு வெளியே தனிக் கூலர் போடுங்கள். 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத ஆயில்' என்று யாராவது சொன்னால், யாருடைய ஆயுளுக்கு என்று கேளுங்கள்.

கேள்வி (பெர்த்): எக்ஸ்ஆர்6 டர்போ எடுக்க ஆசை. பாரா எஞ்சினில் ஆயிரம் குதிரைசக்தி எல்லாம் எடுக்கிறார்களே, எப்படித் தாங்குகிறது?

எக்ஸ்ஆர்6 டர்போ என்பது இதே எஞ்சினில் டர்போ வைத்த ஃபால்கன். எஞ்சினின் அடிப்பகுதி கெட்டியான வார்ப்பிரும்பு, கிராங்கைத் தாங்க ஏழு பேரிங். 1960இன் முதல் ஃபால்கனில் இருந்த 2.4 லிட்டர் ஆறிலிருந்து படிப்படியாக வளர்ந்த வம்சம் இது, பெரிய சட்டிபோல் வார்த்துவிட்டு அதை வருடக்கணக்கில் செதுக்கியிருக்கிறார்கள். 2002இல் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு இரண்டாகி, 24 வால்வு வந்தது, கூடவே டர்போவும் 240 கிலோவாட்டில் வந்தது, எஃப்ஜியில் 270 ஆயிற்று. 2016இன் கடைசி ஸ்பிரிண்ட் மாடலில் 325, சில நொடிகளுக்கு 370 வரை.

ஆயிரம் எடுக்கிறவர்கள் பழைய எஞ்சினை அப்படியே வைத்து எடுப்பதில்லை. முதலில் கைவிடுவது ஆயில் பம்ப்பின் பல்சக்கரமும் வால்வு ஸ்பிரிங்கும், இரண்டையும் மாற்றாமல் பூஸ்ட்டை (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) கூட்டுவது முட்டாள்தனம். என்னைக் கேட்டால் கை வைக்காத டர்போவே போதும், பிஏவிலேயே அது 450 நியூட்டன் மீட்டரை 2000 ஆர்பிஎம்மிலிருந்தே தருகிறது. ஏற்கெனவே யாரோ 'டியூன்' பண்ணிய காரை வாங்கவே வாங்காதீர்கள்.

மெல்பர்ன் மாணவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: விக்டோரியாவில் பி பிளேட் (புது ஓட்டுநர் என்ற அடையாளப் பலகை) இருக்கும்வரை, 2010இலிருந்து தயாரான கார் என்றால் டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் கூடாது, அதற்கு முந்தையது என்றால் பெட்ரோல் டர்போவே பொதுவாகக் கூடாது. சாதாரண ஃபால்கன் சுமார் 1.7 டன், தப்பிவிடும். டர்போ தப்பாது.

கேள்வி (ஹோபார்ட்): பின்சக்கரம் தள்ளும் கார் மழையில் வழுக்கும் என்று அப்பா பயப்படுகிறார்.

அப்பாவின் பயம் பழைய கார்களுக்குப் பொருந்தும். பிஏ முதல் செடான் அனைத்திலும் பின்பக்கம் 'கண்ட்ரோல் பிளேட்' என்ற தனித்தனி சஸ்பென்ஷன் வந்துவிட்டது, மேடுபள்ளத்தில் பின்பக்கம் துள்ளி விலகுவது பெருமளவு போய்விட்டது. ஆனால் கீழ்சுற்றிலேயே டார்க் கொட்டும் எஞ்சின் இது, ஈரமான ரவுண்டபவுட்டில் பாதி திரும்பும்போது மிதித்தால் வால் வெளியே வரும். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் உள்ள காராகப் பாருங்கள், எஃப்ஜியில் எல்லாவற்றிலும் உண்டு. நல்ல டயர் போடுங்கள், தேய்ந்த டயரோடு அப்பா சொல்வதுதான் சரி.

கேள்வி (கோயம்புத்தூர்): ஒன்றை இந்தியாவுக்குக் கொண்டுவர முடியுமா சார்?

முடியாது. மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரை அங்கே இறக்க விடமாட்டார்கள், ஃபால்கன் தயாரிப்பு நின்றதோ 2016 அக்டோபர் 7இல். ஆறு சிலிண்டர் ஆசைக்கு ஹோண்டா அக்கார்டின் பழைய 3 லிட்டர் வி6 உங்கள் ஊரிலேயே விற்றது, நன்றாக வைத்திருக்கும் ஒன்றைத் தேடிப்பாருங்கள்.

கேள்வி (மறுபடியும் மெல்பர்ன் மாணவர்): சரி அண்ணா, நாளைக்கு ஒரு எஃப்ஜி பார்க்கப் போகிறேன். என்ன பார்க்கணும்?

விற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடு, நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று. குளிர்ந்த எஞ்சினில் முன்பக்கம் செயின் கடகடவென்று சில நொடிக்கு மேல் சத்தம் போட்டால் ஆயில் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். ஸ்டார்ட் பண்ணும் முன்பே கூலன்ட் மூடியைத் திறந்து பார், எண்ணெய்ப் படலமோ கலங்கலோ இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடு. பெட்ரோல் கணக்கையும் போட்டுக்கொள், நகருக்குள் 100 கிலோமீட்டருக்கு 13, 14 லிட்டர் குடிக்கும், ஹைவேயில் 9க்கு இறங்கும், 91 ஆக்டேனே போதும். ஓட்டிப் பார்க்கும்போது டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்று, பின்பக்கம் 'டொக்' என்றால் டிஃப் புஷ், அது பேரம் பேசுகிற விஷயம். முன்சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டான கீழ் பால் ஜாயிண்ட் ஆடினால் அது பேரம் பேசுகிற விஷயம் இல்லை, மாற்றிய பிறகுதான் வண்டியை ரோட்டில் எடுக்க வேண்டும். ரேடியேட்டர் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேள், இல்லை என்றால் அந்தச் செலவை விலையில் கழி.