தினமும் ஓட்டும் மஸில் காருக்கு எந்த கேம்? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேம்ஷாஃப்ட் பற்றியவை. இன்ஜினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு அது, சுருக்கமாக கேம். வால்வ் எத்தனை கிராங்க் டிகிரி திறந்திருக்கிறது என்பதுதான் டியூரேஷன்; 212/218 என்று எழுதினால் இன்டேக் 212, எக்ஸாஸ்ட் 218. கீழே நான் எழுதும் டியூரேஷன் எண்கள் எல்லாம், வேறு மாதிரி சொல்லாத வரை, கேமின் மேடு (லோப்) லிஃப்டரை (வால்வைத் தள்ளும் துண்டு) 0.050 அங்குலம் தூக்கிய இடத்தில் அளந்தவை. விளம்பர டியூரேஷனை வைத்து இரண்டு நிறுவனங்களின் கேம்களை ஒப்பிடாதீர்கள். ஒருவர் 0.004-இல் அளக்கத் தொடங்குவார், இன்னொருவர் 0.006-இல் தொடங்குவார்.

கே: 1972 செவர்லே செவெல், 350 கன அங்குல இன்ஜின். ஹெட் இதுவரை கழற்றியதில்லை. நான்கு பேரல் கார்புரேட்டர், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 2.73 ரியர் (பின் அச்சு கியர் விகிதம்). வேலைக்குப் போய்வர தினமும் 40 மைல். காம்ப் கேம்ஸின் எக்ஸ்இ268 கேம் போடலாமா, அதைவிடப் பெரியதா?

ப: இரண்டும் வேண்டாம். ஹெட் கழற்றாத 1972 இன்ஜின் என்றால் கம்ப்ரஷன் 8.5-தான். எக்ஸ்இ268, பிஸ்டன் அடிநிலையைத் தாண்டி 60 டிகிரி வரை இன்டேக் வால்வைத் திறந்தே வைத்திருக்கும். மேலே ஏறும் பிஸ்டன் அதுவரை கலவையில் ஒரு பங்கை மானிஃபோல்டுக்கே திருப்பித் தள்ளும். உங்கள் 8.5 நடைமுறையில் 7 ஆகிவிடும். அதே கேம் 9.5 கம்ப்ரஷனில் ஏறக்குறைய 7.9 தரும், அந்த இன்ஜினில் அது அருமையான கேம். உங்கள் இன்ஜினில் 2,500 ஆர்பிஎம் வரை மந்தமாகவே கிடக்கும். 2.73 ரியரும் 27 அங்குல டயரும் இருக்கும் காரில் 65 மைல் வேகத்துக்கு இன்ஜின் சுற்றுவதே 2,200 சொச்சம். தினமும் ஓட்டும் 40 மைலில் அந்த கேம் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் தராது.

212/218, லோப் செபரேஷன் (இன்டேக், எக்ஸாஸ்ட் லோப் உச்சிகளுக்கு இடையே உள்ள டிகிரி) 110, லிஃப்ட் (வால்வ் திறக்கும் உயரம்) 0.450 அங்குலம் சுற்றி: எக்ஸ்இ256 இந்த வகை. இல்லையென்றால் ஜிஎம்மின் ஹெச்ஓ (ஹை அவுட்புட்) 350 கேம், 212/222, செபரேஷன் 112. இரண்டுக்கும் இப்போதிருக்கும் டார்க் கன்வர்ட்டரே (இன்ஜினை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு இணைப்பது) போதும். வால்வ் ஸ்பிரிங்கைக் கட்டாயம் மாற்றுங்கள். ஐம்பது ஆண்டு அழுந்திக்கிடந்த ஸ்பிரிங்கை நம்பிப் புது கேம் போடக் கூடாது. ஸ்டாக் ஹெட்டில் லிஃப்ட் 0.470-ஐ நெருங்கினாலே ரிடெய்னர் (ஸ்பிரிங்கின் மேல் மூடி) வால்வ் கைடில் இடிக்கிறதா என்று அளந்தாக வேண்டும். கையில் காசு மிஞ்சினால் 3.08 ரியர் போடுங்கள். எந்த கேமும் தராத சுறுசுறுப்பை அது தரும்.

கே: மஸ்டாங்குக்கு நல்ல கேம் எது? சீக்கிரம் பதில் வேண்டும்.

ப: எந்த மஸ்டாங்? 170 கன அங்குல ஆறு சிலிண்டர் முதல் நான்கு கேம் சுழலும் 5.0 வரை எல்லாவற்றுக்கும் அதே பெயர்தான். ஆண்டு, இன்ஜின் அளவு, கம்ப்ரஷன், ஹெட், கியர்பாக்ஸ், கன்வர்ட்டர் ஸ்டால் (காரை நிறுத்திப் பிடித்தால் இன்ஜின் ஏறக்கூடிய ஆர்பிஎம்), ரியர் விகிதம், பவர் பிரேக் உண்டா இல்லையா: இந்த எட்டும் இல்லாமல் வரும் கடிதத்துக்குப் பதில் எழுத வழியே இல்லை. பல மாதங்களாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எட்டையும் எழுதி அனுப்புங்கள்.

கே: பழைய லிஃப்டர்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. புது ஃப்ளாட் டேப்பட் (உருளை இல்லாத லிஃப்டர் வகை) கேமில் அவற்றையே போடலாமா?

ப: கூடாது. புது கேம் என்றால் புது லிஃப்டர்.

கே: 1968 கமரோ, 350, கம்ப்ரஷன் 9.5, ஆட்டோமேட்டிக், ஏசி உண்டு. ஐடிலில் வண்டி குலுங்கி, கேட்பவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் வர வேண்டும். அலுவலகத்துக்கும் இதில்தான் போகிறேன். 107 செபரேஷனில் ஒரு கேம் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

ப: இந்தக் கேள்விக்குப் போதுமான விவரம் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் காதை வைத்து கேம் வாங்கும் பழக்கத்தைப் போல நல்ல கார்களைக் கெடுத்தது வேறொன்றும் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எக்ஸாஸ்ட் வால்வ் மூடி முடிப்பதற்குள் இன்டேக் வால்வ் திறந்துவிடுகிறது, இதுதான் ஓவர்லேப். ஐடிலில் மானிஃபோல்டில் வேக்யூம் (உறிஞ்சும் வெற்றிடம்) இருப்பதால் எரிந்த வாயு அந்த இடைவெளியில் பின்னோக்கி உள்ளே இழுக்கப்படுகிறது. அடுத்த சுற்றில் புதுக் கலவையோடு இந்தப் பழைய வாயுவும் கலந்து, சில சிலிண்டர்கள் சரியாக எரியாமல் போகின்றன. நீங்கள் ரசிக்கும் அந்தத் தாளம் எரியாமல் போன சிலிண்டர்களின் சத்தம். டியூரேஷன் மாறாமல் செபரேஷனை ஒரு டிகிரி குறைத்தால் ஓவர்லேப் 2 டிகிரி கூடும். 112-லிருந்து 107-க்கு வந்தால் 10 டிகிரி கூடுகிறது. சத்தத்துக்காகவே விற்கும் கேம்களில் செபரேஷனைக் குறைப்பதோடு எக்ஸாஸ்ட் டியூரேஷனையும் 10, 15 டிகிரி தூக்கி வைத்திருப்பார்கள். இன்னும் கொஞ்சம் ஓவர்லேப் சேரும்.

இதற்குக் கொடுக்கும் விலையையும் எண்ணுங்கள். 650-இல் நின்ற ஐடிலை 900, 1,000-க்கு ஏற்ற வேண்டிவரும். அந்த வேகத்தில் டிரைவுக்குத் தள்ளும்போது ஒவ்வொரு முறையும் கியர்பாக்ஸும் யூனிவர்சல் ஜாயின்டும் அடி வாங்கும். ஏசி கம்ப்ரசர் பிடிக்கும் நொடியில் இன்ஜின் நின்றுபோகும். எரியாத பெட்ரோல் பிளக்கைக் கறுக்க வைக்கும், சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவும், காருக்குள் வாடை வீசும். வேக்யூம் 10, 11 அங்குலத்துக்கு (பாதரச அளவு) இறங்கினால், அதில் இயங்கும் பவர் பிரேக்கின் மிதி கல்லாகிவிடும். விற்பனைப் பதிவுகளில் அந்தச் சத்தத்தை எப்போதும் பார்க்கில் நிறுத்தித்தான் கேட்க வைக்கிறார்கள். ஏசி ஓட, டிரைவில் போட்டு, வெயிலில் சிக்னலில் நிற்கும் காரை யாரும் பதிவு செய்து காட்டுவதில்லை. நீங்கள் தினமும் உட்காரப் போவது அந்தக் காரில்.

1960-களின் செவர்லே 327-இல் 350 குதிரைசக்தி தந்த எல்79 கேமைப் பாருங்கள். 222/222, செபரேஷன் 114. ஐடிலில் லேசான ஆட்டம் இருக்கும், சாலையில் குணம் கெடாது, மேலே நன்றாக இழுக்கும். தொழிற்சாலையே உத்தரவாதத்தோடு விற்றது. உங்கள் 350-க்கு 218/224, செபரேஷன் 112 போடுங்கள். அட்டவணையில் 110-தான் இருந்தால் கேம் வெட்டுபவரிடம் 112-இல் கேளுங்கள். கூடுதல் செலவு அதிகம் இராது. 2,200 சுற்றி ஸ்டால் உள்ள கன்வர்ட்டர் போதும். ஐடிலில் தாளம் கொஞ்சம் கேட்கும், ஏசியும் ஓடும். தாளம் இன்னும் வேண்டும் என்றால் மஃப்ளரை மாற்றுங்கள்.

கே: புது கேம் போட்ட பிறகு பிரேக் மிதி கல் மாதிரி ஆகிவிட்டது. வேக்யூம் பார்க்கில் 13, டிரைவில் 9. பெரிய பிரேக் பூஸ்டர் போட்டால் சரியாகுமா?

ப: ஆகாது. வேக்யூம் 16-க்குக் கீழே இறங்கினாலே பூஸ்டருக்கு மூச்சு வாங்கும், உங்களுக்கு 9. பிரேக் விஷயம் என்பதால் சரியாகும் வரை அந்தக் காரை வெளியே எடுக்காதீர்கள்.

முதலில் இன்டேக் கேஸ்கெட்டிலும் ஹோஸ்களிலும் காற்றுக் கசிவு பாருங்கள். பிறகு இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் எவ்வளவு முன்னதாகப் பொறி விடுகிறது என்பது. ஸ்டாக்கில் இருந்த 8 டிகிரி இனிஷியல் (ஐடிலில் உள்ள தொடக்க அளவு) இந்த கேமுக்குப் போதாது. 14 முதல் 16 வைத்து, மொத்தம் 36-ஐத் தாண்டாதபடி டிஸ்ட்ரிபியூட்டரின் மெக்கானிக்கல் அட்வான்ஸை 20-க்குள் கட்டுப்படுத்துங்கள். இனிஷியலை மட்டும் ஏற்றிவிட்டு மொத்தத்தை மறந்தால் இன்ஜின் தட்டும். வேக்யூம் அட்வான்ஸ் ஹோஸை மானிஃபோல்டிலிருந்து நேராக எடுங்கள். இவ்வளவும் செய்தால் இரண்டு, மூன்று அங்குலம் திரும்பக் கிடைக்கலாம். ஹாலி கார்புரேட்டர் என்றால் பவர் வால்வையும் (வேக்யூம் குறைந்தால் கூடுதல் பெட்ரோல் விடுவது) மாற்றுங்கள். டிரைவில் வரும் வேக்யூமில் பாதி என்பது கணக்கு. 9 என்றால் 4.5. பெட்டியோடு வரும் 6.5-ஐயே விட்டால் ஐடிலுக்குப் பக்கத்திலேயே திறந்துகொண்டு பெட்ரோலைக் கொட்டும்.

வேக்யூம் டாங்க் ஒன்று இரண்டு மிதிகளைக் கூட்டித் தருமே தவிர வேக்யூமை ஏற்றாது. மின் வேக்யூம் பம்ப் உதவும். பவர் ஸ்டியரிங் பம்பின் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ரோபூஸ்ட் அதைவிட நல்லது. இதற்கெல்லாம் ஆகும் பணத்துக்குச் சரியான கேம் ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம்.

கே: 1975 ஃபோர்டு 302-இல் 5.0 ஹெச்ஓ-வுக்கான கேம் போட்டேன். ஸ்டார்ட் ஆகாமல் கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது. கேம் தவறாக வெட்டப்பட்டதா?

ப: ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) மாறிவிட்டது. பழைய 302-க்கு 1-5-4-2-6-3-7-8. ஹெச்ஓ-வுக்கு 351 விண்ட்ஸரின் வரிசை, 1-3-7-2-6-5-4-8. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் பிளக் வயர் 3-ஐயும் 5-ஐயும் இடம் மாற்றுங்கள், 4-ஐயும் 7-ஐயும் இடம் மாற்றுங்கள். கேமோடு வந்த காகிதத்தில் இது எழுதியிருக்கும். படித்துவிட்டுப் பூட்டுங்கள்.

கே: 1970 டாட்ஜ் சார்ஜர், 440 இன்ஜின். புது ஹைட்ராலிக் ஃப்ளாட் டேப்பட் கேம், புது லிஃப்டர். 300 மைலில் இரண்டு லோப்கள் தேய்ந்து உருண்டையாகிவிட்டன. கேம் மட்டமா?

ப: கேம் மட்டமாகவும் இருக்கலாம், ஆனால் முதல் அரை மணி நேரத்தில் நடந்ததுதான் பெரும்பாலும் காரணம். நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

ஃப்ளாட் டேப்பட் லிஃப்டரின் அடிப்பகுதி தட்டையாகத் தெரியும். உண்மையில் நடுவில் மிகச் சிறிதளவு மேடு உண்டு, லோப்பிலும் சிறு சரிவு உண்டு. இரண்டும் சேர்ந்து லிஃப்டரைச் சுழல வைக்கும். சுழலாத லிஃப்டர் லோப்பை அரைத்துவிடும். அதனால் லிஃப்டர் ஒவ்வொன்றும் தன் துளையில் தன் எடையிலேயே இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். லோப்பிலும் லிஃப்டர் அடியிலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்கள். பக்கவாட்டில் எண்ணெய் மட்டும். இரட்டை ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வையுங்கள். ட்ரில்லால் ஆயில் பம்பைச் சுழற்றி ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) வரை எண்ணெய் வர வையுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் நிரப்பி, டைமிங்கைச் சரியாக வைத்து, முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆகும்படி செய்யுங்கள். கிளம்பாத இன்ஜினை ஸ்டார்ட்டரால் சுற்றிக்கொண்டே இருந்தால் பேஸ்ட் வழிந்து போய்விடும்.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலுக்கு விடாதீர்கள். உடனே 2,000-க்கு மேல் ஏற்றி, 2,000-க்கும் 2,500-க்கும் இடையே மாற்றி மாற்றி 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். லோப்புக்கு எண்ணெய் கிராங்க் வீசியடிப்பதில்தான் கிடைக்கிறது. ஐடிலில் அது போதாது. இடையில் கசிவோ சூடோ தெரிந்தால் அணைத்துச் சரிசெய்து, திரும்ப 2,000-இல் தொடங்குங்கள். முடிந்ததும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

எண்ணெய் பற்றி எத்தனை முறை எழுதினாலும் தகும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக இன்றைய 5டபிள்யூ-30 எண்ணெய்களில் தேய்மானத்தைத் தடுக்கும் பாஸ்பரஸ் 800 பிபிஎம்முக்குள் அடக்கப்பட்டிருக்கிறது. ஃப்ளாட் டேப்பட்டுக்கு 1,200 சுற்றி வேண்டும். பழைய கார்களுக்கென்று விற்கும் எண்ணெய் வாங்குங்கள்.

இப்போது உங்கள் 440-க்கு: கேமை மட்டும் மாற்றித் தப்ப முடியாது. தேய்ந்த இரும்புத் தூள் பேரிங் வரை போயிருக்கும். இன்ஜினை முழுக்கப் பிரித்துக் கழுவுங்கள். அடுத்த கேம் வாங்கும்போது, மோபாரின் (கிரைஸ்லர் குடும்பக் கார்களின்) 0.904 அங்குல லிஃப்டருக்கென்றே வடித்த லோப்பா என்று கேளுங்கள். செவர்லேயின் 0.842 லிஃப்டருக்கான லோப்பையே வெட்டித் தருபவர்கள் உண்டு. அகலமான லிஃப்டர் இருந்தால் அதே டியூரேஷனில் வால்வை வேகமாகத் தூக்கலாம். மோபாருக்குக் கிடைத்த அந்த வரத்தை வீணாக்காதீர்கள். லிஃப்டர்களும் புதிதுதான், மறக்க வேண்டாம்.

கே: இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 1969 நோவாவின் 350-க்கு ஹைட்ராலிக் ரோலர் கேம் (லிஃப்டர் அடியில் உருளை உள்ள வகை) போட நினைக்கிறேன். கேமும் லிஃப்டரும் மட்டும் வாங்கினால் போதுமா?

ப: போதாது. புஷ்ராட் (லிஃப்டருக்கும் ராக்கருக்கும் இடையே உள்ள கம்பி) நீளம் குறைய வேண்டும், அளந்து வாங்குங்கள். ஃப்ளாட் டேப்பட் லோப்பின் சரிவு கேமைப் பின்னால் தள்ளி வைத்திருக்கும். ரோலருக்கு அது இல்லாததால் முன்னால் நகராமல் இருக்க கேம் பட்டன் வேண்டும். டைமிங் கவர் மெல்லியதாக இருந்தால் பட்டன் அழுத்தி வளைந்துவிடும், அதையும் கவனியுங்கள். எஃகு கேம் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் கியரும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். ஸ்பிரிங்கும் வேறு, மூடிய நிலையில் 130 பவுண்டாவது வேண்டும். செலவு இரு மடங்குக்கு மேல். தினமும் ஓட்டும் காருக்கு அது தகும்.

கே: கேம் மாற்றாமல் 1.6 விகித ராக்கர் மட்டும் போட்டால்?

ப: ஸ்டாக் 1.5 ராக்கரில் 0.447 இருக்கும் லிஃப்ட் 0.477 ஆகும். சின்ன லாபம், ஆனால் உண்மையான லாபம். பழைய ஸ்மால் பிளாக் ஹெட்டில் புஷ்ராட் துளையின் ஓரத்தில் உரசும். பூட்டும் முன் கையால் சுற்றிப் பாருங்கள். ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுவதற்கு முன் 0.060 மிச்சம் இருக்க வேண்டும்.

கே: 2010 கமரோ எஸ்எஸ், ஆட்டோமேட்டிக். எல்எஸ்3 கேம் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது.

ப: உங்களுடையது எல்எஸ்3 அல்ல, எல்99. சிலிண்டர் அணைக்கும் ஏற்பாடும் மாறும் வால்வ் டைமிங்கும் உள்ளது. 1, 4, 6, 7 சிலிண்டர்களில் இருக்கும் விசேஷ லிஃப்டர்கள் வேறு கேமின் லோப்பைத் தாங்காது. ஹெட் இரண்டையும் இறக்கி லிஃப்டர், ட்ரே, வேலி கவர் எல்லாம் மாற்றி, கம்ப்யூட்டரிலும் அந்த ஏற்பாட்டை நீக்க வேண்டும். ஹெட் போல்ட்டுகள் ஒரு முறைக்குத்தான், புதிது வாங்குங்கள். அவ்வளவு வேலை செய்த பிறகு ஸ்டாக் எல்எஸ்3-இன் 204/211-ஐப் போடுவது வீண். 220-களில் இன்டேக், 113 அல்லது 114 செபரேஷன், எல்99-க்கென்று வெட்டியதாகப் பாருங்கள்.

கே: டைமிங் கியரில் புள்ளிக்குப் புள்ளி சேர்த்துவிட்டேன். டிகிரி வீல் (கிராங்கில் பொருத்தும் டிகிரி வட்டு) வைத்து அளப்பது அவசியமா?

ப: அவசியம். செயினிலும் கியரிலும் சேர்ந்து 4 டிகிரி தவறு வருவது அபூர்வம் இல்லை. கிராங்க் முனையின் டேம்பரில் உள்ள கோட்டை நம்பிப் பிஸ்டனின் மேல்நிலையைக் குறிக்காதீர்கள். பழைய டேம்பரின் வெளி வளையம் நழுவியிருக்கும். பிஸ்டன் ஸ்டாப் வைத்து இரு பக்கமும் சுற்றி நடுவை எடுங்கள். பிறகு முதல் சிலிண்டரின் இன்டேக் லோப்பில் உச்சத்துக்கு 0.050 முன்னும் பின்னும் வரும் டிகிரிகளைக் கூட்டி இரண்டால் வகுத்து, காகிதத்தில் இருக்கும் சென்டர்லைனோடு ஒப்பிடுங்கள். ஒரு டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. இரண்டுக்கு மேல் என்றால் கியரில் வேறு சாவித்துளைக்கு மாற்றித் திரும்ப அளங்கள். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி இன்டேக்கில் 0.080, எக்ஸாஸ்ட்டில் 0.100 இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட்டு டைமிங் கவரை மூடுங்கள்.