ஜப்பானின் சுகி மலைகள்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பிப்ரவரி பிறந்தால் டோக்கியோவே தும்முகிறதே, இதற்கும் வனக் கொள்கைக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாகவே உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதை அடுத்தும் மலைகளை மொட்டையடித்துவிட்டார்கள். 1950களில் அரசு மானியம் கொடுத்து சுகி, ஹினோகி என்ற ஊசியிலை மரங்களை நடச் சொன்னது. மொட்டை மலையோடு நிற்கவில்லை; கிராமத்தார் கரி சுடவும் விறகெடுக்கவும் வைத்திருந்த காட்டையும் வெட்டி நட்டார்கள். கேஸும் மண்ணெண்ணெயும் வந்து கரி விலைபோகாத நேரம், ஊரும் மறுக்கவில்லை. பேரன் வெட்டி விற்பான் என்ற கணக்கு. 1964க்குள் மர இறக்குமதிக்குக் கதவு முழுக்கத் திறந்தது. 1980க்குப் பிறகு உள்ளூர் மர விலை சரிந்தது. வெட்டுக்கூலிக்கே கட்டவில்லை, பேரனும் நகரத்துக்குப் போய்விட்டான். வெட்டாமல் நிற்கும் மரங்கள் மகரந்தம் கொட்டுகின்றன; தும்மல் அதனால்தான். பச்சையாகத் தெரிவதெல்லாம் தானாக வளர்ந்த காடு என்று நம்பாதீர்கள்: அங்கே காட்டில் சுமார் 40 சதவீதம் நட்டது.

தும்மலுக்கு எந்த மாத்திரை நல்லது?

டாக்டரைக் கேளுங்கள்.

மரம் நட்டதையே குறை சொல்கிறீர்களே?

நட்டதை இல்லை, யாரைக் கேட்டு நட்டார்கள் என்பதை. ஊரைக் கேட்காமல் மலையைப் பற்றி முடிவெடுப்பது பழைய கதை; மத்திய ஜப்பானின் கிசோ பள்ளத்தாக்கைப் பாருங்கள். ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் (1603–1868) ஹினோகி முதலான ஐந்து வகை மரங்களைத் தொடக்கூடாது; 'மரம் ஒன்றுக்குத் தலை ஒன்று' என்பார்கள். ஆனாலும் திறந்த மலைகளில் விறகும் புல்லும் எடுக்கலாம். அடுத்து வந்த மெய்ஜி அரசு அவற்றையும் அரசு நிலமாக்கியது. நேற்றுவரை விறகு பொறுக்கிய இடத்தில் இன்று திருடன்!

அந்தக் கெடுபிடியால்தானே கிசோ ஹினோகி தப்பியது? ஜப்பானின் புகழ்பெற்ற இசே ஷின்டோ கோயிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க அந்த மரம்தானே போகிறது?

போகிறது, மறுக்கவில்லை. கோயிலுக்கு மரம் கிடைத்தது. அடுப்புக்கு விறகில்லாமல் போனது மலையடி ஊருக்கு. ஐந்து வகை மரத்தைக் காக்கப் புல்வெளியையும் பிடுங்க வேண்டுமா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

தடுப்பு மாத்திரை எப்போது தொடங்கணும்?

மேலே பாருங்கள். அடுத்தது.

மானும் பன்றியும் வயலுக்கு வருவது சுகியாலா?

ஓரளவு. இருண்ட சுகித் தோப்பில் தின்ன அதிகம் இல்லை. ஊர் காலியானதும் வேட்டைக்காரர் குறைந்ததும் பெரிய காரணங்கள்.

நீலகிரி வாட்டில், யூக்கலிப்டஸ் பற்றி?

என் துறை இல்லை. ஊட்டிக்காரர்களைக் கேளுங்கள். பச்சையெல்லாம் தானாக வளர்ந்த காடல்ல என்ற எச்சரிக்கை அங்கேயும் பொருந்தும்.

இனி வெட்டுவார்களா?

சுகித் தோட்டப் பரப்பைப் பத்தாண்டில் 20 சதவீதம் குறைப்பதாக 2023இல் அரசு அறிவித்தது. வெட்ட ஆள் எங்கே என்பதுதான் சிக்கல். 2024 முதல் ஆண்டுக்கு 1,000 யென் வன வரி வேறு.

வெளிநாட்டவருக்குமா?

குடியிருப்பு வரி கட்டுகிறவர் என்றால் உங்களுக்கும்தான்.